அறுந்த கம்பியும் திறவாத கதவும்



விஜயபுரத்திலிருந்து திருத்தணி வெகு தூரத்தில் இல்லை. ஆயினும் அந்தச் சிறு பிரயாணத்திற்குள் ஒரு மாநிலம் முடிந்து மற்றொரு மாநிலம் தொடங்கிவிடுகிறது. 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. விஜயபுரமும் நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே தங்கின. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் பழைய சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதி புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. கோடுகள் எத்தனை முறை மாறினாலும் வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசும் எங்களைப் போன்ற குடும்பங்களின் வாழ்க்கை இரு பக்கமும் பரவியே கிடக்கிறது. கலியாணம் அந்தப் பக்கம் என்றால் கடைத்தெரு இந்தப் பக்கம். கோயில் அந்தப் பக்கம் என்றால் வைத்தியம் இந்தப் பக்கம். இவ்விரண்டையும் இணைத்துவைப்பது பெரும்பாலும் ஒரு பழைய வேன்தான்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்கள் பலருடைய வீட்டிலும் இத்தகைய வண்டி ஒன்று இருக்கும். எட்டுப் பேர் அமர்ந்து சொந்த ஊருக்குப் போகலாம். அரிசி மூட்டையும் ஏற்றலாம். அத்தகைய வண்டியில் மிகச் சிறியதும் எவரும் எண்ணிப் பாராததுமான ஓர் உறுப்பைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். கதவின் கைப்பிடியையும் கதவின் பூட்டையும் இணைக்கும் கம்பியே அது. பட்டறைகளில் அதை 'டோர் கேபிள்' என்பார்கள்.

இவ்வளவு அற்பமான பொருளுக்கு ஒரு பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், ஓர் ஆடிக் கிருத்திகை நாள் வரையில்.

அன்று திருத்தணியில் முருகன் தரிசனம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேனின் பின்பகுதியில் எழுபது வயதைக் கடந்த எங்கள் அத்தையும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும் கதவு அது. அதன் உட்புறக் கைப்பிடி அதற்கு இரண்டு வாரம் முன்பே தளர்ந்து போயிருந்தது. இழுத்தால் வெறுமனே வந்து போகும், கதவு திறவாது. வெளிப்புறக் கைப்பிடி வேலை செய்ததால், "யாராவது இறங்கி வெளியிலிருந்து திறந்தால் போகிறது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்வோம்" என்று தள்ளிப் போட்டோம். நகரிக்கு அருகே சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, இளநீர் வாங்க இறங்கினோம். திரும்பி வந்து வெளிக் கைப்பிடியை இழுத்தபோது உள்ளே 'டக்' என்று ஒரு மெல்லிய ஓசை கேட்டது. அவ்வளவுதான். கைப்பிடி எங்கள் கையோடு தொளதொளவென்று வந்தது. கதவு அசையவில்லை.

குழந்தைகள் முன் இருக்கையைத் தாண்டிக் குதித்து வெளியே வந்துவிட்டார்கள். முழங்கால் வலியுள்ள அத்தையால் அது இயலவில்லை. பின்கதவை அடைத்தபடி மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. உச்சி வெயில். மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறக்கூடும் என்பது சோதித்து அறிந்த உண்மை. முன்கதவுகளைத் திறந்துவைத்து, விசிறிக்கொண்டு, ஒரு பட்டறைக்காரரை அழைத்து வந்தோம். அவர் உள்ளே ஏறி, கதவின் உட்பலகையைக் கழற்றி, அறுந்த கம்பியின் மிச்ச நுனியைக் குறடால் பற்றி இழுத்தார். கதவு உடனே திறந்தது.

"அண்ணா, தலுபு பாகுந்தி, தீகே தெகிந்தி" என்றார் அவர். கதவு நன்றாகத்தான் இருக்கிறது, கம்பிதான் அறுந்துவிட்டது என்பது பொருள். தெலுங்கில் 'தீக' என்றால் கொடி. கம்பிக்கும் அதுவே பெயர். அத்தை இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கதவு இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. நீங்கள்தாம் காது கொடுக்கவில்லை" என்றார். எங்களுக்கு மறுமொழி இல்லை. அன்று அந்த வண்டியில் வெயிலுக்குப் பதிலாகப் புகை சூழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாங்கள் இன்றும் முழுதாக எண்ணிப் பார்க்கத் துணிவதில்லை.

இந்தக் கம்பியின் அமைப்பை முதலில் தெரிந்துகொள்வோம். மிதிவண்டியின் பிரேக்கில் இருக்கும் அதே சாதனந்தான் இது. எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் 1896-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சுருளாகச் சுற்றிய உருக்குக் குழல் ஒன்று. அதன்மேல் பிளாஸ்டிக் உறை. பட்டறையில் இதை 'அவுட்டர்' என்பார்கள். அதனுள்ளே பல மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த உருக்குக் கம்பி ஓடும். அது 'இன்னர்'. கம்பியின் நுனியில் வார்த்துவைத்த சிறு உலோகக் குமிழ் 'நிப்பிள்'. குழலின் இரு முனைகளும் அசையாதபடி பொருத்தப்பட்டிருக்கும். ஒரு முனையில் கைப்பிடி கம்பியை இழுத்தால் மறு முனையில் பூட்டின் நாக்கு விலகும். குழல் எத்தனை வளைவுகளில் திரும்பினாலும் இழுப்பு மறுமுனைக்குப் போய்ச் சேரும். இதுவே இதன் சிறப்பு. சில வண்டிகளில் கம்பிக்குப் பதிலாக விறைப்பான தண்டு இருக்கும். சிலவற்றில் இரண்டும் கலந்திருக்கும். நகரும் கதவுகளில் ஒரே கைப்பிடி முன்பூட்டு, பின்பூட்டு இரண்டையும் விடுவிக்க வேண்டியிருப்பதால் கம்பிகள் அதிகம் தேவைப்படுகின்றன.

கம்பி ஏன் அறுகிறது? வயதாகிவிட்டது என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையான காரணங்கள் மூன்று. முதலாவது, வளைந்து வளைந்து ஏற்படும் தளர்ச்சி. நிப்பிளை ஒட்டிய இடத்தில் கம்பி ஒவ்வொரு முறையும் சிறிது மடங்குகிறது. அங்கே ஓர் இழை முதலில் அறும். பிறகு மற்றோர் இழை. கடைசி இழைகள் அறும் வரை கதவு திறந்துகொண்டேதான் இருக்கும். இரண்டாவது, துரு. மழைநீர் சன்னல் கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பே. அதை வெளியேற்றவே கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துச் செம்மண்ணும் தூசியும் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழையின் நீர் கதவுக்குள்ளேயே தேங்கும், கம்பி துருவேறும். மூன்றாவது, பூட்டில் கிரீஸ் வறண்டு இறுகுவது. அப்போது நாம் கைப்பிடியை மேலும் பலமாக இழுக்கிறோம். அந்தப் பலம் முழுவதும் மெலிந்த கம்பியின் மேலேயே விழுகிறது. ஆகவே கம்பியை மட்டும் மாற்றிப் பூட்டைச் சுத்தம் செய்யாமல் விட்டால், புதிய கம்பியும் சீக்கிரமே அறும்.

கழற்றுவதற்கு முன் குற்றம் எங்கே என்று தீர்மானிக்க வேண்டும். கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று வந்தால் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது நிப்பிள் இருப்பிடத்திலிருந்து நழுவியிருக்கிறது. கைப்பிடி அசைய மறுத்தால் கம்பி குழலுக்குள் துருவால் இறுகியிருக்கலாம். கைப்பிடி வழக்கமான எதிர்ப்போடு வந்தும் கதவு திறவாவிட்டால் பூட்டையே ஐயுற வேண்டும். வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லை என்றால், குழந்தைகள் திறந்துவிடாதபடி வைத்திருக்கும் சிறு நெம்புகோல் தவறுதலாக மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றும் பழுதில்லாத கதவைக் கழற்றிப்போட்டவர்கள் உண்டு.

இனி வேலைக்கு வருவோம். கண்ணாடியை முதலில் முழுதும் ஏற்றிவிடுக. மின்சாரத்தால் கண்ணாடி ஏறி இறங்கும் வண்டியானால் அதன் பிறகு பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுக. கைப்பிடிக் குழிக்குள்ளும் கைதாங்கிக்கு அடியிலும் மறைந்திருக்கும் திருகாணிகளைத் தேடிக் கழற்றுக. பின்னர் 'டோர் பேட்' எனப்படும் உட்பலகையை, அகலமான தட்டைக் கருவியால் ஓரம் ஓரமாக நெம்பி, அதன் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். பழைய வண்டியின் கிளிப்புகள் சில உடைந்தே தீரும். ஆறேழு புதியவற்றை முன்னரே வாங்கி வைத்துக்கொள்வது நலம். பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் குப்பை என்று கிழித்தெறியாதீர்கள். கதவுக்குள் இறங்கும் மழைநீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுவே. ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், எந்தக் கம்பி எந்த வளையத்தின் வழியே சென்றது என்ற குழப்பம் வராது.

அடுத்தது அளவு. இவ்வேலையின் உயிர்நாடி இதுவே. எங்கள் பக்கத்தில் 'புத்தூர்க் கட்டு' என்ற எலும்பு வைத்தியம் பெயர்பெற்றது. தொலை மாநிலங்களிலிருந்தும் அதைத் தேடி வருகிறார்கள். அங்கே மூலிகையும் மூங்கில் தப்பையும் பிறகுதான். முறிந்த எலும்பை முதலில் அதன் நேரில் பொருத்த வேண்டும். நேர் தவறிக் கட்டினால் கட்டு எத்தனை இறுக்கமாக இருந்தும் பயனில்லை. கம்பிக்கும் அதே நியாயந்தான். குழலின் நீளத்தை அளந்து எழுதுங்கள். இரு நிப்பிள்களுக்கும் இடையே உள்ள கம்பியின் முழு நீளத்தையும் அளந்து எழுதுங்கள். அறுந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து அளக்கலாம். இரண்டு நீளங்களுக்கும் உள்ள வித்தியாசமே முக்கியம். அது சில மில்லிமீட்டர் குறைந்தாலும் கூடினாலும் பூட்டின் வேலை கெடும்.

புதிய கம்பி எங்கே கிடைக்கும்? வண்டிக்கு உரிய அசல் உறுப்பு கிடைக்குமானால் அதுவே சிறந்தது. உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்குப் பழைய உறுப்புக் கடைகள் கைகொடுக்கும். சென்னையில் புதுப்பேட்டை, பெங்களூரில் ஜே.சி. சாலை, மும்பையில் குர்லா, தில்லியில் காஷ்மீரி கேட், மாயாபுரி. இவ்விடங்களின் பெயர்களை நேயர்கள் பலரும் அறிவார்கள். அறுந்த கம்பியைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். மொழி தெரியாத ஊரிலும் பழைய உறுப்பைக் காட்டினால் புது உறுப்பு கிடைத்துவிடும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய கம்பியை வாங்கினால், நிப்பிளின் ஓரத்தில் இழைகள் சிலிர்த்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையேல் ஒரு கிழட்டுக் கம்பிக்குப் பதில் மற்றொரு கிழட்டுக் கம்பியைத்தான் மாட்டியிருப்போம்.

எதுவும் கிடைக்காத இடத்தில் சைக்கிள் கடை இருக்கிறது. பிரேக்குக்கு உரிய இன்னர் கம்பி ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர் தடிப்புடையது. கியர் கம்பி சுமார் 1.2 மில்லிமீட்டர். பழைய குழலுக்குள் எது தடையின்றி ஓடுகிறதோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். வெட்டப்போகும் இடத்தில் முதலில் ஈயப்பற்று வைத்து, பிறகு கூரிய வெட்டுக் குறடால் ஒரே வெட்டாக வெட்டினால் இழைகள் பிரியா. நிப்பிளைப் பொருத்தும்போது கம்பியை அதன் துளை வழியே செலுத்தி, நுனியின் இழைகளைப் பூப்போல விரித்து, அதன்மேல் ஈயம் உருகி உள்ளே இறங்கும்படி பற்றவைக்க வேண்டும். விரிக்காமல் பற்றவைத்த கம்பி ஒருநாள் உருவிக்கொண்டு வந்துவிடும். துருப்பிடிக்காத உருக்குக் கம்பியில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது. நாகம் பூசிய கம்பியே இதற்கு ஏற்றது. திருகாணியால் நெரித்துப் பிடிக்கும் நிப்பிள்களும் விற்கின்றன. அவை நழுவக்கூடியவை, ஊர் போய்ச் சேரும் வரையில் மட்டுமே அவற்றை நம்பலாம்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நகரிப் பட்டறைக்காரர் வெளிக் கைப்பிடியின் கம்பியைச் சரிசெய்து கொடுத்தார். உட்கைப்பிடியின் கம்பியை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நாங்கள் முனைந்தோம். தொளதொளப்புக்கு அஞ்சிக் கம்பியைச் சற்றே குட்டையாக வைத்து இறுக்கமாகப் பூட்டினோம். கைப்பிடி விறைப்பாக நின்றது, பெருமையாக இருந்தது. மறுநாள் வண்டி ஓடும்போது கதவு கடகடவென்று ஆடியது. நிறுத்திப் பார்த்தால் கதவு அரைகுறையாகவே மூடியிருந்தது. இறுக்கமான கம்பி, கைப்பிடியை எவரும் தொடாதபோதும் பூட்டின் நாக்கைச் சிறிது இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் நாக்கு முழுதும் விழவில்லை. திறவாத கதவை அஞ்சி, ஓட்டத்தில் திறந்துகொள்ளும் கதவைச் செய்துவிட்டோம்! அதன் அருகே அன்றும் ஒரு பேரப்பிள்ளைதான் அமர்ந்திருந்தான்.

ஆகவே இரண்டு செய்திகளை நினைவில் நிறுத்துங்கள். ஒன்று, கைப்பிடி ஓய்ந்திருக்கும்போது கம்பியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். மற்றொன்று, கதவுப் பூட்டுகள் இரண்டு நிலைகளில் பிடிக்கும்படி அமைக்கப்படுகின்றன. முதல் நிலை, கதவு சரியாக மூடாவிட்டாலும் திடீரெனத் திறவாமல் காப்பது. இரண்டாவது நிலையே முழுப்பிடிப்பு. நன்கு மூடும் கதவில் இந்த இரண்டு ஓசைகளையும் கூர்ந்து கேட்டால் கேட்கலாம்.

சோதனை செய்யும் முறையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. புதிய கம்பியைப் பூட்டியவுடன் கதவை மூடிப் பார்க்க ஆசை வரும். மூடாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே ஒரு திருப்புளியின் தண்டால் பூட்டின் கொக்கியைத் தள்ளி மூடுங்கள். இரண்டு நிலைகளும் விழுகின்றனவா என்று பாருங்கள். பிறகு கைப்பிடியை இழுத்து அது விடுபடுகிறதா என்று பாருங்கள். உட்கைப்பிடி, வெளிக்கைப்பிடி, சாவி, குழந்தைப் பூட்டு ஆகிய ஒவ்வொன்றையும் பலமுறை சோதித்த பின்னரே கதவை மூட வேண்டும். பூட்டையும் உருளைகள் ஓடும் தண்டவாளங்களையும் துடைத்து, மிதமாகக் கிரீஸ் இடுங்கள். கதவின் அடித்துளைகளை ஒரு குச்சியால் குத்தி மண்ணை அகற்றுங்கள். பிளாஸ்டிக் தாளை முன்போலவே ஒட்டி, பலகையை மாட்டினால் வேலை முடிந்தது.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் இந்தச் சைக்கிள் கம்பி வைத்தியம் போதாது. அவற்றுக்கு அசல் உறுப்பை இட்டுப் பயிற்சி பெற்றவர் கையால் பொருத்துவதே முறை. எரிவாயுவில் ஓடும் வண்டிகளில் ஒரு நாள்கூடக் காலம் தாழ்த்துவது கூடாது. சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்காக எஞ்சினையும் பிரேக்கையும் பழுது பார்க்கிறோம். அந்த நாளில் ஒவ்வொரு கதவையும் உள்ளே அமர்ந்தபடி ஒருமுறை திறந்து பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை அல்லவா?

ஒரு கதவு மூடுவதற்கு மட்டும் ஏற்பட்டதன்று. உள்ளே இருப்பவர் வேண்டும்போது வெளியே வருவதற்கும் ஏற்பட்டது. வண்டியில் கைப்பிடியை இழுக்கும் வலிமை குறைந்தவர்களையே நாம் பெரும்பாலும் பின்னால் அமர்த்துகிறோம். முதியவர்களும் குழந்தைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு எட்டும் கம்பி அறுந்திருக்க, நாம் முன்னால் அமர்ந்து ஓட்டிச் செல்வது நியாயமாகாது.

எங்கள் அத்தை இப்போதும் அதே வேனில்தான் திருத்தணிக்கு வருகிறார். ஆனால் புறப்படும் முன் உட்கைப்பிடியைத் தாமே ஒருமுறை இழுத்து, கதவு திறந்த பிறகே, "சரி, இனி மூடுங்கள், போகலாம்" என்கிறார். நீண்ட பிரயாணத்தில் சொந்த ஊர் நோக்கிப் புறப்படும் நேயர்களும் அந்த ஒரு வழக்கத்தை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.